பாசார் மாலாம் செயின்

காலையில் எழுந்ததும் எனக்கு வலது மணிக்கட்டு வலிக்கும், தம்பி. இந்த மலைக்குளிர் எலும்புக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. சுடுதண்ணீரில் கையைக் கொஞ்ச நேரம் வைத்திருந்தால்தான் ஸ்பானர் பிடிக்க முடியும். அதனால் உங்கள் வண்டி முடியக் கொஞ்சம் நேரமாகும். அந்தப் பலகையில் உட்காருங்கள். கேட்டதற்குப் பதில் சொல்கிறேன்.

எந்தச் செயின் நீடித்து உழைக்கும் என்றுதானே கேட்டீர்கள். பளபளப்பைப் பார்க்காதீர்கள். செயினைப் பக்கவாட்டில் வளைத்துப் பாருங்கள். வில்லைப்போல வளைந்தால் வீட்டில் துணி காயப்போட வைத்துக்கொள்ளலாம். பல்சக்கரத்தின் பல்லில் அரத்தை ஒரு இழு இழுங்கள், வழுக்க வேண்டும். அரம் கடித்தால் அது இரும்பு இல்லை, வெண்ணெய். எல்லாவற்றையும்விட முக்கியம், முன்னால் இருக்கிற சின்னச் சக்கரம், பின்னால் இருக்கிற பெரிய சக்கரம், நடுவில் ஓடுகிற செயின், மூன்றையும் ஒன்றாக மாற்ற வேண்டும். தேய்ந்த பல்லில் புதுச் செயினைப் போடுவது கிழவனுக்குக் குமரியைக் கட்டிவைப்பது மாதிரி. இரண்டில் ஒன்று சீக்கிரம் போய்விடும்.

இதை நான் பதினைந்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பகலில் தேயிலை பேக்டரியில் பிட்டர் வேலை. அது முடிந்தால், இன்றைக்கு மாதிரி லீவு நாளென்றால் காலையிலிருந்தே, இந்தத் தகரக் கொட்டகையில் மோட்டார் சைக்கிள் ரிப்பேர். எங்கள் தோட்டத்து லயங்களில் குடியிருக்கிற ஆட்கள் செயின் தொங்கினால் ஒரு கண்ணியை வெட்டி எடுத்துவிட்டு ஓட்டுவார்கள். அதுவும் தொங்கினால் இன்னொரு கண்ணி. நான் "செட்டா மாத்துங்க" என்பேன். அதனால் எனக்கு செட்டு வேலப்பன் என்று பெயர் வந்தது. வைத்தவன் சிவசாமி.

சிவசாமி மருந்தடிக்கிற ஆட்களுக்குக் கங்காணி. எழுபத்தொன்பதில் ஆயுத பூசைக்கு ஒரு வாரம் முன்னால், காலைப் பெரட்டில் பெயர் கூப்பிட எல்லோரும் வரிசையாக நிற்கும்போது, ராத்திரிச் சந்தையில் வாங்கிப் பேப்பரில் சுற்றிய செயினைத் தூக்கிக் காட்டினான்.

"வேலப்பா, பிரிஞ்சாங் பாசார் மாலாம்ல வாங்குனது. மாட்டிவிடு லா."

"பல்லு ரெண்டும் கொக்கி மாதிரி வளஞ்சு கெடக்கு கங்காணி. செட்டா மாத்தணும். இது மூணு மாசம் தாங்காது."

"நீ மெக்கானிக்கா, செயின் கம்பெனிக்கு மாப்பிள்ளையா?"

பெரட்டே சிரித்தது. கொழுந்து பறிக்கிற மணியம்மா கூடையை முதுகில் ஏற்றிக்கொண்டே, "கங்காணி, இவருக்குப் பொண்ணு பாத்தா பொண்ணு, மாமியா, கொழுந்தியான்னு மூணையும் செட்டாத்தான் கேப்பாரு" என்றாள். கணக்கெழுதுகிற கிராணி பெயர்ப் புத்தகத்தால் வாயை மறைத்துக்கொண்டார். அப்போது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. பிறகும் ஆகவில்லை.

சிவசாமி அதோடு விடவில்லை.

"பந்தயம் வெச்சுக்குவோம். அடுத்த வருஷ ஆயுத பூசைக்கும் இதே செயினோட வர்றேன். வந்தா, நீ இதே பெரட்டுல நின்னு, எனக்கு ஒரு மயிரும் தெரியாதுன்னு சொல்லணும்."

சரி என்றேன். இருநூறு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது வேறென்ன சொல்ல முடியும்? தோட்டத்தில் எனக்கு நிலம் இல்லை, பட்டம் இல்லை. மோட்டார் விஷயத்தில் என் பேச்சுக்கு ஒரு மரியாதை இருந்தது. இருந்தது அது ஒன்றுதான்.

பூசைக்கு முந்தின நாள் எல்லா வண்டிகளும் இங்கே வந்துவிடும். கழுவி, எண்ணெய் போட்டு, மறுநாள் பொட்டு வைக்க வரிசையாக நிறுத்துவோம். சிவசாமியின் வண்டியும் வந்தது, மாட்ட வேண்டிய அந்தச் செயினும் கூடவே வந்தது. செயினின் இரண்டு முனைகளைச் சேர்ப்பது ஒரு பூட்டுக் கண்ணி. அதன்மேல் மீன் மாதிரி ஒரு சின்னக் கிளிப். மீனின் தலை செயின் ஓடுகிற பக்கம் பார்க்க வேண்டும், பிளந்த வால் பின்னால் இருக்க வேண்டும். திருப்பிப் போட்டால் என்றைக்காவது உரசிக் கழன்றுவிடும். வேலைக்கு வந்து ஒரு வாரம் ஆனவனுக்கும் இது தெரியும். நான் வாலை முன்னால் வைத்துப் போட்டேன். குறட்டால் வாலைக் கொஞ்சம் அகட்டியும் விட்டேன். அந்த மாதிரி வண்டிகளில் செயின் முழுக்க மூடிக்குள் ஓடும், வெளியே ஒன்றும் தெரியாது. மூடியைப் போட்டுத் திருகாணிகளை நன்றாக முடுக்கினேன். அந்த வேலையில் நான் குறை வைத்ததில்லை.

லயத்து வாசலில் செயின் கழன்று விழும், தள்ளிக்கொண்டு வருவான், நாலு பேர் சிரிப்பார்கள் என்றுதான் செய்தேன். கொஞ்ச காலம் எனக்கு நானே அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் அவன் தினமும் எந்த இறக்கத்தில் போவான் என்று எனக்குத் தெரியும். பதினோராம் நம்பர் மலை. ஒரு பக்கம் தேயிலை, இன்னொரு பக்கம் பனி. பனிக்குக் கீழே பள்ளம்.

பூசையன்று ஸ்பானர்களுக்கு மேலே அம்மன் படத்தைச் சாய்த்து வைத்தோம். சிவசாமி வண்டிக்கு நானே சந்தனம் வைத்தேன். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் சத்தம் போட்டு நசுங்கியது. இனிமேல் ஒன்றும் ஆகாது என்று எல்லோரும் கை தட்டினார்கள். அம்மனும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அவள் மோட்டார் ஓட்டுவதில்லை, கிளிப்பைப் பற்றித் தெரிந்திருக்க நியாயமில்லை. சிவசாமி சம்சாரம் செல்லம் எனக்குச் சுண்டல் கொண்டுவந்து கொடுத்தாள்.

"அண்ணே, நல்லா பாத்துப் போட்டீங்கல்ல? இவரு கண்ண மூடிக்கிட்டு எறங்குற ஆளு."

"பாத்துத்தான் போட்டேன் தங்கச்சி."

ஒன்பது நாள் ஓடியது. தினமும் பெரட்டில் வண்டியின் சீட்டைத் தட்டிக் காட்டுவான். "நாலு நாளு ஆச்சு, செட்டு." "ஏழு நாளு ஆச்சு, செட்டு." மூடியைக் கழற்றிக் கிளிப்பைத் திருப்பிப் போட எனக்குப் பத்து நிமிஷம் போதும். ஒன்பது நாளும் ஸ்பானர் என் கையில்தான் இருந்தது. ஒன்பதாம் நாள் எனக்குச் சந்தேகமே வந்துவிட்டது, தப்பாகப் போடுவதைக்கூட ஒழுங்காகச் செய்யவில்லையோ என்று.

பத்தாம் நாள் காலை அந்த இறக்கத்தில் செயின் கழன்றது. மூடிக்குள் சுருண்டு சிக்கிப் பின்சக்கரத்தை நிறுத்திவிட்டது. கொழுந்துக்குப் போன பெண்கள்தான் பள்ளத்தில் பார்த்தார்கள். கழுத்து ஒடிந்திருந்தது.

போலீஸ்காரர் வந்து, மோட்டார் தெரிந்த ஆள் யார் என்று கேட்டார். எல்லோரும் என்னைக் காட்டினார்கள். மூடியைத் திறந்து பார்த்தேன். கிளிப்பைக் காணவில்லை. "தேஞ்ச பல்லு, பாசார் மாலாம் செயின். செட்டா மாத்தச் சொன்னேன், கேக்கல" என்றேன். இதில் ஒரு வார்த்தை பொய் இல்லை, பெரட்டே சாட்சி. எழுதிக்கொண்டு போனார். அடுத்த வாரம் தன் வண்டியைக் கொண்டுவந்து செட்டாக மாற்றிக்கொண்டார். பிறகு மணியம்மா மகன் மாற்றினான், கிராணி மாற்றினார், திரிங்காப்பில் காய்கறி போடுகிறவர்களெல்லாம் வர ஆரம்பித்தார்கள். ஏழு வருஷமாக இந்தப் பக்கத்தில் செயின் அறுந்து ஒருத்தன் விழவில்லை. அதையும் யோசித்துப் பாருங்கள்.

நீங்கள் மலைக்குக் கீழே தாப்பாக்காரர், எங்கள் தோட்டத்து ஆள் இல்லை, அதனால் இன்னொன்றும் சொல்லலாம். அந்தச் செயினை நான் எடுத்துவைத்துக்கொண்டேன். மண்ணெண்ணெயில் கழுவி, ஆணியில் தொங்கவிட்டு, புதுச் செயினோடு அளந்து பார்த்தேன். அந்த மொண்ணைப் பல்லில் பத்து நாள் ஏறி இறங்கியும் ஒரு மயிரிழை நீளவில்லை. அப்படிப்பட்ட இரும்பை நான் இரண்டு மூன்று தடவைதான் பார்த்திருக்கிறேன். அடுத்த ஆயுத பூசைக்கும் ஓடியிருக்கும், அதற்கு அடுத்ததற்கும் ஓடியிருக்கும். நான் பெரட்டில் நின்றிருக்க வேண்டியதுதான்.

கருமாதி முடிந்து செல்லம் இங்கே வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அண்ணே, கஞ்சத்தனத்துல செத்தாருன்னு லயமே பேசுது. அந்தச் செயினு அவ்வளவு மட்டமா?"

"மட்டந்தான் தங்கச்சி."

தலையை ஆட்டிக்கொண்டு போனாள். இப்போதும் வழியில் என்னைப் பார்த்தால் புருஷனுக்காக வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொள்கிறாள். நான் யாருடைய கடனையும் இழுத்தடிக்கிற ஆள் இல்லை. ஆனாலும் அவளுக்கு ஒரு வார்த்தை பாக்கி வைத்திருக்கிறேன்: சிவசாமி வாங்கினது நல்ல செயின். அது ஒன்றுதான் பாக்கி, வேறொன்றும் இல்லை.