கடுகளவு தூக்கம்

— பாலத்துல கால் வைக்காதீங்க சின்னம்மா. வாய்க்காலுக்கு அந்தப் பக்கமே நின்னு, சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டுப் போங்க.

— என்னையே நில்லுன்னு சொல்ற அளவுக்கு வந்தாச்சா, எல்லையம்மா? அஞ்சு நாளைக்கு முன்னாடி வரைக்கும் எங்க கொல்லைப்பக்கம் கை கட்டி நின்னவதானே நீ?

— நின்னேன். இப்ப வேலைநிறுத்தம். சங்கத்துல கொடி ஏத்திட்டாங்க. ஆண்டை வீட்டு வாசப்படி மிதிக்கிறதில்லைன்னு தெருவே சேர்ந்து சொல்லியிருக்கு.

— அறுப்புக்குத்தானே வர மாட்டோம்னீங்க. என் பிள்ளையைத் தூங்க வைக்கிறதும் அறுப்புல சேர்த்தியா?

— இந்தா பாருங்க, அறுக்கிறதும் வேலைதான், தூளி ஆட்டுறதும் வேலைதான். கலெக்டர் முன்னாடி ஒத்துக்கிட்ட கூலியை உங்க மாமனாரு களத்துல அளந்து போடட்டும். அன்னைக்குச் சாயங்காலமே வந்து ஆட்டுறேன்.

— அது ஆம்பளைங்க பேசித் தீர்க்க வேண்டியது. எனக்கும் உனக்கும் நடுவுல அது எதுக்கு?

— உங்களுக்கும் எனக்கும் நடுவுல வேற என்ன இருக்கு?

— அஞ்சு நாளா இவன் கண்ணை மூடலை, சொல்லிட்டேன். பதினோரு மாசப் பிள்ளை. ராத்திரி பூரா தோள்ல போட்டுக்கிட்டு கூடத்துக்கும் மாடிக்கும் நடக்கிறேன். இவங்க அப்பா மெட்ராஸ்ல உக்காந்துக்கிட்டு வக்கீல் பரீட்சைக்குப் படிக்கிறாரு. மாமா என்னடான்னா, பிள்ளையை அடக்கத் தெரியாதவளுக்குப் பிள்ளை எதுக்குன்னு எல்லார் முன்னாடியும் கேக்கறாரு. நீ போன அன்னைக்கு ஆரம்பிச்சது இது. என்ன பண்ணிட்டுப் போனே?

— என்னாது?

— தூளிக்கு அடியில எதையாவது புதைச்சியா? செய்வினையாத்தான் இருக்கும்னு சமையல்காரம்மா சொல்றா.

— வாயைக் கழுவச் சொல்லுங்க அந்தம்மாவை. பத்து மாசமா உங்க பிள்ளைக்கு ஆட்டி என் தோள்பட்டை எறங்கிப் போச்சு. அந்திப் பொழுதுல எம் புள்ளைங்க கஞ்சிக்கு வழி பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கும், நான் உங்க வீட்டுல தாலாட்டுப் பாடிக்கிட்டு நிப்பேன். அதுக்குச் செய்வினைக்காரின்னு பேரா?

— செய்யலேன்னா வா. வந்து ஆட்டு. தூங்கிட்டான்னா நம்புறேன்.

— வர மாட்டேன்.

— துரைராசு, வண்டியிலேருந்து எறங்கி வந்து நீயாவது இவளுக்கு ஒரு வார்த்தை சொல்லேன்.

— நமக்கெதுக்கும்மா வம்பு. நான் வண்டி ஓட்டுறவன். நீங்க இந்தத் தெருவுக்கு வந்தது அய்யாவுக்குத் தெரிஞ்சா என் முதுகுத்தோலு மிஞ்சாது. சீக்கிரம் கெளம்புவோம்.

— ஏன் துரைராசு, உன் பொண்டாட்டியும் எங்ககூடத்தானே நடவு நட்டா. வண்டியில ஏறி ஒக்காந்தா ஆளே மாறிடுவியா?

— நமக்கெதுக்கு வம்புங்கறேன். நான் மாட்டுக்கிட்டப் போறேன்.

— அவனை விடு. எல்லையம்மா, இவனை ஒரு தடவை பாரு. பாத்துட்டு நீயே சொல்லு. நன்னிலம் டாக்டர் பல்லு மொளைக்குதுன்னு சொல்லிட்டாரு. பல்லு மொளைச்சா இப்படி வேர்க்குமா?

— மூக்கு ஒழுகுதே. எத்தனை நாளா?

— இந்த அஞ்சு நாளாத்தான்.

— கொட்டாவி விட்டுக்கிட்டே இருக்கானா?

— ஆமா. கொட்டாவி வருது, தூக்கம் வர மாட்டேங்குது. கையும் காலும் வெட்டி வெட்டி இழுக்குது. வயிறும் போகுது.

— மூஞ்சியைக் கொஞ்சம் இப்படித் திருப்புங்க. பாலத்தைத் தாண்டி வாங்க.

— இப்பதானே கால் வைக்காதேன்ன.

— வாங்கங்கறேன். இந்த மூஞ்சியை நான் எங்க தெருவுல பாத்திருக்கேன். வருஷா வருஷம் நடவு முடிஞ்ச மறு வாரம் எங்க கைப்பிள்ளைங்களுக்கு இப்படித்தான் இருக்கும். இவனுக்கு உருண்டை குடுக்கிறது யாரு?

— என்ன உருண்டை?

— சாயங்காலம் நான் வர்றதுக்கு முன்னாடி. நாக்குல ஏதாவது தடவுவாங்களா?

— அத்தை கோரோசனை குடுப்பாங்க. பால்ல இழைச்சு வைப்பாங்க. அது நல்லதுதானே. எல்லார் வீட்டுலயும் குடுக்கிறதுதானே.

— உங்க அத்தை இப்ப எங்க?

— நீங்க கொடி ஏத்தின அன்னைக்கே பயந்துக்கிட்டு மாயவரம் போயிட்டாங்க, மக வீட்டுக்கு.

— ஆக, நானும் அவங்களும் ஒரே நாள்ல போயிருக்கோம். நீங்க என்னைத் தேடி வந்து செய்வினைங்கறீங்க.

— அவங்களுக்கும் சொல்லி அனுப்பினேன். இன்னைக்குக் காலையில துரைராசு மொத பஸ்ஸுல போய் டப்பாவை வாங்கிட்டு வந்தான். கடுகளவு வச்சாப் போதும்னு சொல்லி விட்டிருக்காங்க. எனக்கு வச்சுப் பழக்கமில்லை. பத்து மாசம் எங்க வீட்டுக்கு வந்தவ நீ, உனக்கு அளவு தெரியும்னு நெனைச்சேன்.

— எடுங்க அதை. மூடியைத் தெறந்து மோந்து பாருங்க. கோரோசனையா இது?

— கசப்பா ஒரு வாடை அடிக்குது.

— அபினி, சின்னம்மா.

— வாய்க்கு வந்ததைப் பேசாதே. சொந்தப் பேரனுக்கு எங்க அத்தை எதுக்கு அபினி குடுக்கிறாங்க?

— தூங்க வைக்கத்தான். அவங்களுக்குத் தெரிஞ்ச வைத்தியம் அது ஒண்ணுதானே. நடவு அன்னைக்கு விடியக்காலையில வரப்புல வந்து நிப்பாங்க உங்க அத்தை. கைப்பிள்ளைக்காரி ஒவ்வொருத்திக்கும் வெத்தலையில மடிச்சு ஒண்ணு. மாருல தடவிப் பாலைக் குடுத்துட்டா, பூவரச மரத்துத் தூளியில பிள்ளை பொழுது சாயற வரைக்கும் எந்திரிக்காது. பால் குடுக்க ஒருத்தி கரையேறினா நடவு நின்னு போயிடும்ல. அதுக்காக.

— எனக்கு இது தெரியாது.

— உங்களுக்கு என்னதான் தெரியும். மாடியில நின்னு வயலு பச்சைப் பசேல்னு இருக்கேன்னு பாப்பீங்க. அது எப்படிப் பச்சையாச்சுன்னு யாரு கேட்டா?

— என்னை ஏன் ஏசுறே? நானா வரப்புல நின்னு குடுத்தேன்? புது சர்க்கார் வந்த வருஷம்தான் எனக்குக் கல்யாணமே ஆச்சு. நான் வந்து ரெண்டு வருஷம் ஆகுது அந்த வீட்டுக்கு.

— அந்த சர்க்காருக்குத்தான் நாங்களும் ஓட்டுப் போட்டோம். வரப்புல வெத்தலை குடுக்கிறது நிக்கலை.

— நீங்க ஏன் வாங்கினீங்க? விஷம்னு தெரிஞ்சுக்கிட்டே பெத்த பிள்ளைக்கு வைப்பீங்களா? நீங்கள்லாம் தாய்தானா?

— கேட்டுட்டீங்கல்ல. பதிலைக் கேட்டுக்கங்க. வாங்கலேன்னா மறுநாள் வேலையை விட்டு நிறுத்திடுவாங்க, அதனால வாங்கினோம். என் மூணாவது பிள்ளைக்குத் தங்கமணின்னு பேரு. ஏழு மாசம். அன்னைக்கு நடவு இழுத்துக்கிட்டே போச்சு. மத்தியானத்துல தூளியில சிணுங்குச்சு. நான் ஓடிப்போய் இன்னொரு கடுகு வச்சுட்டு ஓடியாந்தேன். பொழுது சாய்ஞ்சு தூளியை விரிச்சுப் பாக்கறேன், பிள்ளை சில்லுன்னு கெடக்கு. நான்தான் வச்சேன், சின்னம்மா. கை என்னோடது. உருண்டை உங்க வீட்டுது. உங்க வீட்டு மேல எனக்கு எவ்வளவு வெறுப்புன்னு உங்களுக்குத் தெரியாது. என் மேல அதைவிட வெறுப்பு.

— அப்புறமும் நான் கூப்பிட்டப்ப வந்து இவனுக்கு ஆட்டினியே.

— கூப்பிட்டா வர வேண்டியதுதானே, வராம இருக்க முடியுமா. ஆனா ஒண்ணு. நான் தொட்டு ரெண்டு ஆட்டு ஆட்டினா இவன் தூங்கிடுவான். என் கை ராசிதான்னு மனசுக்குள்ள கொஞ்சம் பெருமையாக்கூட இருந்துச்சு. அதுவும் பொய்யாப் போச்சு இன்னைக்கு.

— இப்ப என்ன பண்ணணும்? அதை மட்டும் சொல்லு.

— மொதல்ல அந்த டப்பாவை வாய்க்கால்ல விடுங்க.

— இன்னைக்கு ஒரு நாளைக்குப் பாதிக் கடுகு வச்சுட்டு, நாளையிலேருந்து நிறுத்தினா என்ன? கொஞ்சம் கண்ணசரட்டுமே.

— உங்க அத்தை மாதிரியே பேசுறீங்க.

— அப்படிச் சொல்லாதே. இந்தா, விட்டுட்டேன். போயிடுச்சு. போதுமா?

— இன்னும் அஞ்சாறு நாளைக்கு அழுவான். அந்திக்கு வெந்நீர் ஊத்தி, வயித்துல துணி சுத்தி, குலுக்காம நெஞ்சோட வச்சிருக்கணும். கஞ்சித்தண்ணியில உப்புப் போட்டு அடிக்கடி குடுங்க, வயிறு போகுதுல்ல. அழுவுறானேன்னு ஆளுக்கு ஆளு மாத்தக் கூடாது. ஒரே ஆளோட வாடை வேணும் அவனுக்கு. ஒரு நாள் தானாக் கண்ணு சொருகும். அப்புறம் விடியற வரைக்கும் தூங்குவான்.

— ஒரே ஆளா என்னால முடியலை. நேத்து நின்னுக்கிட்டே கண்ணசந்து இவனைத் தோள்லேருந்து நழுவ விட்டுட்டேன். கட்டில் இருந்ததால தப்பிச்சான். நீ வாயேன், எல்லையம்மா.

— வர மாட்டேன்னு சொல்லிட்டேன். வேணும்னா இங்க விட்டுட்டுப் போங்க. நான் பாத்துக்கறேன்.

— இந்தத் தெருவுலயா? பிள்ளையைப் பணயமா வச்சுக்கிட்டு மாமாகிட்டக் கூலி பேசவா?

— அப்படித்தான் தோணும் உங்களுக்கு. பொறந்த எடம் அப்படி இல்லேன்னாலும் புகுந்த எடம் அப்படி. எடுத்துக்கிட்டுக் கெளம்புங்க. ரைஸ்மில்லுல லாரியில வந்து எறங்கியிருக்காங்களே முப்பது பேரு, அவங்களை விட்டுத் தூளி ஆட்டச் சொல்லுங்க.

— அவங்க அறுப்புக்கு வந்த ஆளுங்க.

— அறுக்க வந்தவன் அரிவா இல்லாம வருவானா? பக்கத்துக் குடிசை அம்சம் மில்லு வாசல் வழியாப் போயிட்டு வந்தா. ஒருத்தன் கையிலயும் அரிவா இல்லையாம்.

— உங்க ஆம்பளைங்க எல்லாம் எங்க?

— எதுக்கு?

— எங்கன்னு கேக்கறேன்.

— மன்னார்குடிக் கூட்டத்துக்குப் போயிருக்காங்க. நாளைக்குத்தான் வருவாங்க.

— எல்லாருமா?

— நடக்க முடிஞ்சவங்க எல்லாரும்.

— மாமாவுக்கு அது தெரியும்.

— இந்தா பாருங்க, மென்னு முழுங்காதீங்க.

— நேத்து ராத்திரி இவனைத் தோள்ல போட்டுக்கிட்டு மாடிப்படியில நடந்துக்கிட்டிருந்தேன். கீழ அவரும் மில்லு ஆளுங்களும் பேசினாங்க. நாளை ராத்திரி, தெருக்கோடியிலேருந்து ஆரம்பிக்கணும்னாரு. கூரைக்கு எத்தனை டின் மண்ணெண்ணெய் வேணும்னு ஒருத்தன் கேட்டான். இவன் தூங்கியிருந்தா நானும் தூங்கியிருப்பேன். எனக்கு எதுவும் தெரிஞ்சிருக்காது.

— நேத்து சொன்ன நாளை ராத்திரின்னா, இன்னைக்கு.

— இன்னைக்குத்தான்.

— இதை நெஞ்சுல வச்சுக்கிட்டா இவ்வளவு நேரம் எங்கிட்டச் செய்வினை பேசினீங்க?

— என் பிள்ளையைத்தான் நெனைச்சேன். உங்களை நெனைக்கலை. உள்ளதைச் சொல்றேன், எல்லையம்மா.

— இந்தத் தெருவுல பதினாறு கைப்பிள்ளை இருக்கு. பதினாறும் ராத்திரியில நல்லாத் தூங்கும்.

— போலீசுக்குச் சொல்லி அனுப்பலாம்.

— யாருக்கு, நேத்து உங்க வீட்டுல எலை போட்டுச் சாப்பிட்டுப் போனாரே, அவருக்கா?

— அப்ப எல்லாரும் எங்கயாவது போயிடுங்க.

— எங்க போறது? மூணு பக்கமும் உங்க வயலு. ஊருக்குள்ள எங்களை விடுவாங்களா? வயசானதுக ஒம்போது பேரு எந்திரிக்க முடியாமக் கெடக்கு. போங்க சின்னம்மா. சொன்னதுக்கு நன்றின்னு சொல்ல எனக்கு வாய் வரலை. பிள்ளை மேல வெயில் படுது, தூக்கிக்கிட்டுப் போங்க.

— அம்மா, மாடு நிலைகொள்ள மாட்டேங்குது. அய்யா சாப்பிட வர்ற நேரம். கெளம்பலாமா?

— இரு, துரைராசு. எல்லையம்மா, உன் குடிசை எது?

— தெருக்கோடியில மொத குடிசை. எதுக்குக் கேக்கறீங்க?

— உள்ள தூளி கட்டற மாதிரி விட்டம் இருக்கா?

— உங்களை நான் நம்பணுமா?

— நம்ப வேண்டாம். இவனைக் கொஞ்ச நேரம் புடி, போதும். துரைராசு, நீ மட்டும் வண்டியை ஓட்டிக்கிட்டுப் போ. மாமாகிட்ட நேரா நின்னு சொல்லு: பேரன் இன்னையிலேருந்து தெருக்கோடி மொத குடிசையிலதான் தூங்குவான், பக்கத்துல நானும் படுத்திருப்பேன், கொளுத்துறதா இருந்தா எங்க ரெண்டு பேருகிட்டேருந்தே ஆரம்பிக்கச் சொல்லு.