தள்ளுவண்டியில் இரண்டு தட்டு

இந்த அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் வைத்தியசாலை நலன்புரிச் சங்கத் தலைவர் ஸக்கரியா ஹாஜியார் அவர்களே, எல்கடுவ மலையிலிருந்து கொழுந்துக் கூடையை இறக்கிவைத்து பஸ்ஸேறி வந்திருக்கும் தாய்மார்களே, இரத்தோட்டைப் பெரியவர்களே, ஆறு ஆண்டுகளாக ஒரே கூரையின் கீழ் உழைத்தும் ஒருநாளேனும் என்னோடு அமர்ந்து தேநீர் அருந்தியிராத என் வைத்தியசாலைக் குடும்பத்தாரே, உங்கள் அனைவரையும் பொறுப்பு வைத்திய அதிகாரி நிலக்ஷி மகேந்திரராஜா ஆகிய நான் கைகூப்பி வணங்குகிறேன்.

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். நான் இருக்கும் இடத்தில் நீங்கள் சிரிப்பது இதுதான் முதல் தடவை.

சிறந்த தலைமைத்துவம் என்று பொறித்து ஒரு கேடயம் தந்தீர்கள். மலைநாட்டிலேயே அமைதியான வைத்தியசாலை இதுதான் என்று ஹாஜியார் அகமகிழ்ந்து சொன்னார். அந்த அமைதி எங்கிருந்து வந்தது? அன்பிலிருந்தா? அறிவிலிருந்தா? அல்ல, அவையோரே. றம்லா அக்காவின் கரண்டியிலிருந்து வந்தது.

ஆம். நான் வார்டுக்குள் நுழையுமுன் சிற்றூழியர் றம்லா அக்கா மருந்துத் தள்ளுவண்டியைக் கரண்டியால் இரண்டு தரம் தட்டுவார். டொக்டர் வருகிறார் என்று அர்த்தம். உடனே பேச்சு நிற்கும், சிரிப்பு நிற்கும், நோயாளியின் முனகல்கூட நிற்கும். வடக்கிலிருந்து தனியே வந்தவள் நான். என் தேநீர் மூடி போட்ட கோப்பையில் என் அறைக்கு வரும். கொண்டுவந்தவர் கதவைச் சாத்திவிட்டுப் போவார். சமையலறையில் எல்லோரும் கலகலப்பது சுவர் தாண்டிக் கேட்கும். நானோ அதை ஒழுங்கு என்று நினைத்தேன். மதிப்பு என்று நினைத்தேன். மாலையில் விடுதிக்குப் போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டேன்.

மூன்று மாதங்களுக்கு முன், தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் லெட்சுமணன் காலில் சீழ் பிடித்து வந்தார். அதோ, தூணருகே இருக்கிறார். நான் ஓர் ஊசி எழுதினேன். அந்த மருந்து அவருக்கு ஒவ்வாது என்று அவருடைய கிளினிக் புத்தகத்தில் சிவப்பு மையில் எழுதியிருந்தது. நான் புத்தகத்தைத் திறக்கவில்லை. தாதி ஜஸ்லா திறந்திருந்தார். ஆனாலும் ஊசி ஏறியது. முகம் வீங்கி, மூச்சு அடைத்து, மனிதர் எமன் வாசல்வரை போய்த் திரும்பினார்.

விசாரணை அறிக்கையை நான்தான் எழுதினேன். "தாதி அறிவிக்கத் தவறினார்" என்று எழுதினேன். ஜஸ்லாவுக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அதன் பிறகுதான் றம்லா அக்கா அந்த இரண்டு தட்டைப் பற்றி என்னிடம் சொன்னார். அன்றிரவு முழுக்க யோசித்தேன். பயம் குடியிருக்கும் இடத்தில் உண்மை எப்படி வாய் திறக்கும்? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. ஒரேயொரு வார்த்தை. வார்டில் சொன்னார்களா? வாசலில் சொன்னார்களா? வழியிலாவது சொன்னார்களா? ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை, ஒருவரும்...

என்ன அங்கே? யார் எழுந்து நிற்பது? ஜஸ்லா மிஸ்ஸா? இருக்கச் சொல்லி இழுக்காதீர்கள், விடுங்கள். சொல்லுங்கள் மிஸ்.

...

பின்வரிசைக்குக் கேட்டிருக்காது. ஒலிவாங்கி என் கையில்தான் இருக்கிறது. ஆகவே ஜஸ்லா சொன்னதை நானே திருப்பிச் சொல்கிறேன்.

"நான் சொன்னேன் டொக்டர். புத்தகத்த விரிச்சுக் காட்டினேன். நீங்க பார்க்கல்ல. 'எழுதினதைச் செய்யுங்கோ மிஸ்' எண்டு சொல்லிட்டுப் போய்ட்டீங்க."

தலைவர் அவர்களே, மணியடிக்க வேண்டாம். கொஞ்சம் பொறுங்கள்.

ஆம். சொன்னார். இப்போது நினைவு வருகிறது. விரித்த புத்தகம் நினைவு வருகிறது. என் குரலும் நினைவு வருகிறது. இரண்டு தட்டு என்று கதை சொல்லி இந்த மேடையிலும் பழியைப் பயத்தின் தலையில் போடப் பார்த்தேன். அந்தப் பெண் பயப்படவில்லை. நான்தான் கேட்கவில்லை. வெட்கமாக இருக்கிறது.

நாளைக் காலை வார்டுக்குப் போகுமுன் அந்த அறிக்கையைத் திருத்தி எழுதுவேன். தவறியவள் நான் என்று எழுதி, ஜஸ்லாவுக்கு வந்த எச்சரிக்கைக் கடிதத்தை மீளப்பெறும்படி கேட்பேன். அனுப்புமுன் ஜஸ்லாவே வாசித்துப் பார்க்கட்டும். இந்தக் கேடயம் இங்கே மேசையிலேயே இருக்கட்டும், ஹாஜியார். அதை வீட்டுக்குக் கொண்டுபோக எனக்கு மனமில்லை.

லெட்சுமணன் அண்ணன், உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். ஜஸ்லா மிஸ், இத்தனை பேர் முன்னால் எழுந்து நின்றதற்கு நன்றி. பொறுமையாகக் கேட்ட தாய்மார்களுக்கும் பெரியவர்களுக்கும் என் வணக்கம்.

றம்லா அக்கா, ஆறு வருடப் பழக்கம் ஒரு நாளில் போகாது. நாளைக்கும் உங்கள் கை தன்பாட்டில் வண்டியைத் தட்டலாம். தட்டினால் தட்டுங்கள். நீங்கள் எல்லோரும் சிரித்து முடிக்கும்வரை நான் வாசலிலேயே நிற்கிறேன்.