வழியில் இறந்தான்

பிளாஸ்டிக் கதிரைகளைக் கழுவினால் நிழலில்தான் காய வைக்க வேண்டும். வெயிலில் வைத்தால் வெளிறிவிடும். சாய்ந்தமருதில் கல்யாண வீட்டுக்கும் மையத்து விழுந்த வீட்டுக்கும் கதிரையும் கூடாரமும் கொடுப்பது என் தொழில். ஆனால் ஹஸ்ரத், நீங்கள் பள்ளிவாசலிலிருந்து நடந்து வந்திருப்பது கதிரை கேட்டு அல்ல என்று தெரியும். இருங்கள், சொல்கிறேன்.

ஸிராஜ் என் கூட்டாளி. அவன் நடத்திய இணைய விளையாட்டின் பெயர் ஆழிநாடு. பல நாட்டிலிருந்தும் வந்தவர்கள் ஒரே கடலில், ஒரே துறைமுகத்தில் ஆளுக்கொரு பாத்திரமாக வாழ்வோம். அடுத்து என்ன நடக்கும் என்பதை ஸிராஜ் எழுதுவான். நான் கப்பல் தலைவன் யாகூத். ஆறு வருடம் அவனாக இருந்தேன். எனக்குச் சின்ன வயதிலிருந்தே பேச்சு திக்கும். யாகூத் ஒருநாளும் திக்கியதில்லை.

போகப் போகக் கதை கெட்டது. நாங்கள் நித்திரை முழித்துப் பிடித்த துறைமுகத்தை அவன் அடுத்த அத்தியாயத்தில் யாருக்கோ தூக்கிக் கொடுப்பான். நாங்கள் என்ன செய்தாலும் அவன் நினைத்ததுதான் நடக்கும். எல்லோரும் முணுமுணுத்தோம். பிறகு, புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு இடம் வேண்டுமென்று, ‘யாகூத் வழியில் இறந்தான்’ என்று எழுதினான். ஒரே வரி. சண்டை இல்லை, அடக்க ஒரு கபுறுகூட இல்லை.

அவன் வீட்டுக்குப் போய்க் கெஞ்சினேன். அவன் உம்மா முனவ்வறா மாமி பிளேன்ரீ ஊற்றித் தந்தார்.

“எழுதினா எழுதினதுதான் மச்சான். மாத்தினா ஆரும் கதைய நம்ப மாட்டாங்க” என்றான் ஸிராஜ்.

நியாயமான விதி. நான் கோபப்படவில்லை. தன் கதை இன்னொருவன் கையில் போனால் எப்படி இருக்கும் என்று அவனுக்குக் காட்ட நினைத்தேன், அவ்வளவுதான்.

அவன் கட்டாருக்கு விமானம் ஏறிய காலையைத் தெரிந்தெடுத்தேன். ஃபோன் வேலை செய்யாது. ஜனாஸா அறிவித்தல்களைப் பார்த்துத்தான் என் பிழைப்பு ஓடுகிறது. அந்த வாசகம் எனக்கு மனப்பாடம். பழைய சிம் ஒன்றிலிருந்து ஊர் வட்ஸ்அப் குழுவில் போட்டேன்: விமான நிலையம் போகும் வழியில், விபத்தில் ஸிராஜ் வபாத்தானார். நம் ஊரில் மௌத்துச் செய்தியை யாரும் துருவிக் கேட்பதில்லை. இன்னாலில்லாஹி சொல்லி அடுத்தவருக்கு அனுப்பிவிடுவார்கள்.

மையத்து வீட்டுக்குக் கேட்காமலே கதிரை போக வேண்டும் என்பது இங்கே வழக்கம். அன்று காலை அறிவித்தல் வரமுன்னமே நான் லொறியில் கதிரை ஏற்றியதை நீங்கள் கண்டிருக்கிறீர்கள். தொழிலில் பிந்தக் கூடாது என்ற பழக்கம். நான் விட்ட பிழை அது ஒன்றுதான்.

நான் போனபோது பெண்கள் வந்து அழுதுகொண்டிருந்தார்கள். மாமி அழவில்லை. நான் இறக்கி வைத்த கதிரைகளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என் கையைப் பிடித்தார்.

“சப்ரி, இவங்க சும்மா கத்துறாங்க. நீ சொல்லு மகன். மெய்தானா?”

மாமிக்கு நெஞ்சு வருத்தம். கல்முனையில் அவருக்கு மருந்து வாங்கிக் கொடுத்ததே நான்தான், அதை மறைக்கவில்லை. பொய் மாமி என்று சொல்லியிருக்கலாம். ஆனால் மாற்றினால் கதையை யார் நம்புவார்கள்?

“ஓம் மாமி. மெய்தான்.”

திக்கவேயில்லை. யாகூத் சொன்னதுபோல அவ்வளவு தெளிவாக வந்தது. மாமி பக்கத்திலிருந்த கதிரையில் இருந்தார். பிறகு எழும்பவில்லை. கொண்டுபோன கதிரைகளை அன்று திருப்பி ஏற்ற வேண்டியிருக்கவில்லை.

ஸிராஜ் திரும்பி வந்து என் தோளில்தான் அழுதான். “இனி எனக்கு எழுத ஏலாது மச்சான். நீ பாத்துக்க” என்று ஆழிநாட்டை என்னிடம் தந்தான். இப்போது யாரும் முணுமுணுப்பதில்லை. என் கதையில் சாகிற எல்லோருக்கும் கபுறு உண்டு.

ஆழிநாட்டுத் துறைமுகத்தில் ஒரு தாயை வைத்திருக்கிறேன். கப்பலில் வந்து இறங்குகிறவர்களிடம் “மெய்தானா மகன்?” என்று கேட்பார். இப்போதெல்லாம் நான் எழுதாத இடங்களிலும் கேட்கிறார். இந்த முற்றத்தில், கதிரை கழுவும்போதும். மாமி கடைசியாக இருந்த அந்த ஒரு கதிரையை நான் யாருக்கும் கொடுப்பதில்லை.

மாமிக்கு நான் கொடுத்திருக்கும் உயிரை எவனும் ஒரு வரியில் எடுக்க முடியாது. ஸிராஜ் அறிந்தால் சந்தோஷப்படுவான். நீங்களே அவனிடம் சொல்லிவிடுங்கள், ஹஸ்ரத். நான் சொல்லப் போனால் திக்குகிறது.