நாற்பத்தொரு நாள் நோட்டு

ரூபாய் நோட்டை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் திணிக்கிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. என் மாமனாரும் அப்படித்தான் திணிப்பார். தன் கையெழுத்து அச்சான நோட்டையே திணிப்பார். அதற்காக நான் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. அதையும் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள், சார்.

நாற்பத்தொரு நாள் மட்டும் நீடித்த இடைக்கால அரசில் மாமாதான் மைய வங்கியின் தலைவர். அந்த அரசு விட்டுப்போன சாமான்களைச் சேர்ப்பது என் பைத்தியம்: அரக்கு முத்திரை, பதவியேற்பு அழைப்பிதழ், அமைச்சர் காரில் பறந்த கொடி. எல்லாவற்றுக்கும் மேல், மாமாவின் நோட்டுகள் முப்பத்தாறு. ஒவ்வொன்றிலும் அச்சுக் கையெழுத்துக்கு மேலே அவர் கைப்படப் போட்ட கையெழுத்து.

"என்னைக் கட்டிக்கிட்டது எனக்காகவா, நோட்டுக்காகவா?" என்று மனைவி கேலி செய்வாள். நானும் சிரிப்பேன்.

போன வருஷம் மாமாவுக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சு போயிற்று, வலது கையும் விழுந்துவிட்டது. பிசியோதெரபிப் பெண் தினமும் வந்து கையை நீவி, மடக்கி நீட்டி, பென்சிலைப் பிடிக்க வைத்தாள். "புத்தி தெளிவா இருக்கு சார். விடாம செஞ்சா நாலு மாசத்துல எழுதிக் காட்டியே பேசிடுவாரு" என்றாள். மனைவி சந்தோஷத்தில் அழுதுவிட்டாள்.

மாமா முதலில் எழுதிப் பழகியது தன் கையெழுத்தைத்தான். நடுங்கி, கோணி, பாதியில் சரிந்து கிடந்தது. பால்காரர் ஆசையாக ஒரு பழைய நோட்டை நீட்ட, அதிலும் போட்டுக் கொடுத்தார். அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அந்தக் கோணல் நாலு பேர் கையில் புழங்கினால், என் முப்பத்தாறையும் பக்கத்தில் வைத்து எது அசல் என்று கேட்க மாட்டார்களா? ஒரு மனிதர் தன் பெயரைத் தானே கெடுத்துக்கொள்ளும்போது, வீட்டில் யாராவது பொறுப்பெடுக்க வேண்டும்.

அந்தப் பெண்ணிடம், வேறு ஆள் பார்த்துவிட்டோம் என்றேன். மனைவியிடம், "இனிமே பிரயோஜனம் இல்லைன்னு அந்தப் பொண்ணே சொல்லிட்டா. கையைத் தொங்கவிட்டா தோள் விலகிடுமாம்" என்றேன். நானே அவர் கையை மார்போடு சேர்த்துத் துணியால் கட்டினேன். இறுக்கமில்லை, இரண்டு விரல் நுழையும். தினமும் துணி மாற்றினேன், பவுடர் போட்டேன். ஆறு மாதத்தில் விரல்கள் உள்ளங்கைக்குள் மடங்கி அப்படியே நின்றுவிட்டன.

அப்புறம் இடது கையால் மேஜைத் தூசியில் கோடு இழுக்கப் பார்த்தார். மேஜையைத் துடைத்தேன். வீட்டில் பேனா, பென்சில் எதுவும் அவர் கண்ணில் படாமல் எடுத்து வைத்தேன்; கண்ணைக் குத்திக்கொள்வார் என்றேன், மனைவியும் நம்பினாள். அவள் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் அந்தக் கையையும் நாற்காலியோடு கட்டிவைப்பேன். அவள் வருவதற்குள் அவிழ்த்துவிடுவேன்.

போன மாதம் மூன்று நாள் மாமா சாப்பாட்டைத் தள்ளினார். கண்ணில் நீர் வழிந்தபடி இருந்தது.

"எங்கப்பா வலிக்குது? கையால காட்டுப்பா" என்று மனைவி கெஞ்சினாள்.

அவர் வயிற்றைக் காட்டவில்லை. என்னைக் காட்டினார்.

"உங்களைத்தான் கூப்பிடறாரு" என்று அவள் நகர்ந்து எனக்கு இடம் விட்டாள். நான் போர்வையைச் சரிசெய்தேன்.

மருத்துவமனைக்குக் கொண்டுபோனபோது குடல் வெடித்திருந்தது. நர்ஸ் ஒருத்தி இடது கையில் பேனாவைச் செருகினாள். கால் மணி நேரம் எழுதினார். "இவன் என்னைக் கட்டுறான்மா." பிற்பகல் போய்விட்டார்.

அந்தத் தாளை மனைவிதான் உங்களிடம் கொடுத்திருக்கிறாள். செய்ததெல்லாம் நான்தான், மறுக்கவில்லை. ஆனால் தாளை ஒருமுறை நன்றாகப் பாருங்கள். கீழே மாமா கையெழுத்துப் போடவில்லை. முடியாமல் இல்லை, சார். என்னைக் காட்டிக்கொடுக்க அவருக்கு மனசு வரவில்லை.