தொபுக்கடீர் அப்பாவின் நாற்காலி

உங்கள் அறிக்கையை வரி விடாமல் படித்தேன், மேடம். இப்படி நிறுத்தி நிதானமாக எழுதுகிற போலீஸ்காரர்கள் குறைவு. ஒரே ஒரு வரியில்தான் எனக்கு மனத்தாங்கல். "நாற்காலியின் பின்கால் உளுத்துப்போய் உடைந்ததே விபத்துக்குக் காரணம்" என்று போட்டிருக்கிறீர்கள். அந்த நாற்காலியைச் செய்தவன் நான். நல்ல தேக்கு. இன்னும் இருபத்தைந்து வருடம் போனாலும் அது உளுக்காது. அதனால்தான் நீங்கள் கேட்காமலே இதை எழுதித் தருகிறேன்.

"வீடு நிறைய வம்பு" தொடரை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பார்க்காத வீடு ஏது? ஒவ்வொரு வாரமும் கடைசிக் காட்சியில் அப்பா எல்லோரையும் கூட்டி வைத்து உபதேசம் ஆரம்பிப்பார். "ஒரு குடும்பம்னா..." என்று வாயெடுத்ததும் நாற்காலி சரியும். தொபுக்கடீர் என்று விழுவார். படுத்தபடியே "ஐயோ, யாராவது வாங்களேன்!" என்று கத்துவார். அம்மா சாவகாசமாக அவரைத் தாண்டிப்போய் அலமாரியில் எதையாவது தேடுவாள். ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். இருநூற்றுப் பதினான்கு வாரம். பெற்றவர்கள் வைத்த பெயர் போய், அந்த நடிகர் எல்லோருக்கும் தொபுக்கடீர் அப்பா ஆகிவிட்டார்.

விழுந்தவர் அவர். விழவைத்தவன் நான், செட் தச்சன். பின்காலை அறுத்து, ஒரு மர முளையால் பொருத்தி, முளையில் கட்டிய மெல்லிய கயிற்றைச் சுவருக்குப் பின்னால் கொண்டுபோயிருந்தேன். மறுமுனை என் கையில். அரை நொடி முந்தினால் சிரிப்பு வராது. அரை நொடி பிந்தினால் மனுஷன் உபதேசமே செய்து முடித்துவிடுவார். ஒவ்வொரு வாரமும் முடிவில் ஓடுகிற பெயர்களில் மேக்கப்காரரின் உதவியாளர் பெயர்கூட வரும், என் பெயர் வராது. அந்த உதவியாளர் பெயரில் ஒரு எழுத்துப்பிழை இருந்தது, பதினாறாம் வாரத்தில்தான் திருத்தினார்கள். இதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்கிற ஆள் நான் இல்லை.

இருபது வருடம் கழித்து அதே தொடரை மறுபடி எடுக்கிறோம் என்று கூப்பிட்டார்கள். விழுந்தடித்துக்கொண்டு போனேன். புது இயக்குநர் சின்னப் பெண், பழைய தொடரைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டு வளர்ந்தவள். "அண்ணா, இந்தத் தடவை காமெடி கிடையாது. அந்தக் குடும்பத்துக்கு நெஜமாவே வயசாயிருந்தா எப்படி இருக்கும்? அதான் கதை," என்றாள்.

மஞ்சள் சுவருக்குச் சாம்பல் நிறம் பூசினேன். அந்த வீட்டில் யாரும் விளக்குப் போடுவதில்லை. முன்பெல்லாம் அப்பாவுக்கு வேலை போய்விட்டது என்றால் மகன் சோபாவிலிருந்து உருண்டு விழுவான். இப்போது மூன்று பேர் மூன்று ஜன்னல் வழியாக வெளியே பார்க்கிறார்கள். இருந்தது இரண்டு ஜன்னல்தான், மூன்றாவதை இதற்காகவே நான் வைத்துக் கொடுத்தேன்.

"அந்தக் கயிறெல்லாம் கழட்டிடுங்கண்ணா, நாற்காலி மட்டும் இருக்கட்டும்," என்றும் சொன்னாள். கயிற்றையும் முளையையும் கழற்றி, அறுத்த காலைத் திருகாணி போட்டு இறுக்கினேன். விழுகிற இடத்தில் கம்பளத்துக்கு அடியில் இருந்த ஸ்பாஞ்சு மெத்தையையும் எடுக்கச் சொன்னாள். நடந்தால் செருப்புச் சத்தம் கேட்கவேண்டுமாம். அங்கே கல் பதித்தேன்.

தொபுக்கடீர் அப்பாவுக்கு எழுபத்துமூன்று வயது. எலும்பில் வலுவில்லை, விழவே கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். செட்டில் எங்கெங்கே கைப்பிடி வைக்கலாம் என்று பார்ப்பதற்காக அந்தச் சீட்டை என்னிடம்தான் கொடுத்து வைத்திருந்தார்கள்.

ஒரு மத்தியானம் என் பட்டறைக்கு வந்து உட்கார்ந்தார்.

"என் வீட்டுக்காரி செத்த அன்னிக்கு, நிக்க முடியாம ஒரு பிளாஸ்டிக் சேர்ல உக்காரப் போனேன்யா. அழுதுக்கிட்டிருந்த கூட்டம் அப்படியே நிறுத்திட்டு என்னையே பாத்துச்சு. பின்னால ஒருத்தன் களுக்குன்னு சிரிச்சான். என் மச்சான்தான், அவ கூடப் பொறந்தவன். அவனைக் குத்தம் சொல்லி என்ன? ஆனா இந்தக் கடைசி சீன்ல நான் உக்காந்து முழுசாப் பேசி முடிக்கணும். யாரும் சிரிக்கக் கூடாது. எனக்காக நாலு பேரு அழணும். ஒரு தடவை போதும்."

எனக்கு ரொம்பப் பாவமாக இருந்தது. வாசல் வரை கைத்தாங்கலாகக் கூட்டிப்போய் விட்டேன். அன்று சாயங்காலம் திருகாணியைக் கழற்றிவிட்டு, முளையையும் கயிற்றையும் மறுபடி பொருத்தினேன்.

கடைசிக் காட்சியைக் காலை பதினொரு மணிக்கு எடுத்தார்கள். கேமராவுக்குப் பின்னால் நாற்பது பேர். அவர் உட்கார்ந்து, "ஒரு குடும்பம்னா..." என்றார். அந்த இடத்தில் நான் இழுக்கவில்லை. அதைக் கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள்.

"...என்னன்னு நான் சொல்ல வந்தப்பல்லாம் நீங்க சிரிச்சீங்க," என்று அவர் தொடர்ந்தார். "பரவாயில்ல. சிரிச்ச வீடுதானே இது."

லைட் பிடிக்கிறவர் மூக்கை உறிஞ்சினார். இயக்குநர் பெண் துப்பட்டாவைக் கடித்துக்கொண்டிருந்தாள். என் கண்ணே கலங்கியது. இத்தனை வருடத்தில் நான் பார்த்த நடிப்பிலேயே அதுதான் ஒசத்தி. இன்னும் நாலே வரி பாக்கி இருந்தது. அவருக்கு என் உதவி எதுவும் தேவைப்படவில்லை. அப்போதுதான் இழுத்தேன்.

கல்தரையில் சத்தம் வேறு மாதிரி கேட்டது.  அடுத்த நொடி கண்ணீரும் சிரிப்புமாக நாற்பது பேரும் வெடித்தார்கள். பழசை ஞாபகப்படுத்த அவரே செய்த குறும்பு என்று நினைத்துவிட்டார்கள். "ஐயோ, யாராவது வாங்களேன்," என்றார். சிரிப்பு இரட்டிப்பானது. அம்மாவாக நடித்தவர், பாவம், பழக்கதோஷம், அவரைத் தாண்டிப்போய் அலமாரியைத் திறந்தார். இயக்குநர் பெண் கைதட்டினாள். அந்தக் குரலை இருநூற்றுப் பதினான்கு தடவை கேட்டவன் நான். இது வேறு குரல் என்று எனக்கு உடனே தெரிந்தது. மூன்று தடவை கூப்பிட்டார், நான்காவது தடவை கூப்பிடவில்லை. நான் கயிற்றையும் முளையையும் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு முன்னால் வந்து, எல்லோரோடும் சேர்ந்து சிரித்தேன். நான் மட்டும் சிரிக்காமல் நின்றால் நன்றாக இருக்காதே.

இடுப்பெலும்பு போய்விட்டது. ஒன்பதாம் நாள் அவரும் போய்விட்டார். எனக்கு அவர்மேல் கோபமோ பொறாமையோ துளியும் கிடையாது, மேடம். காரணம் என்று எழுதுகிற இடத்தில் அப்படி எதையாவது எழுதிவிடாதீர்கள்.

கடைசி மரியாதை செய்யப் போயிருந்தேன். தெருமுனை வரை கூட்டம். அந்த மச்சான்கூடச் சுவரில் சாய்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். ஒருத்தர் முகத்திலும் சிரிப்பில்லை. அவர் கேட்டது நாலே நாலு பேரைத்தான். நான் நானூறு பேரை அழவைத்துக் கொடுத்தேன். அங்கேயும் என் பெயரை யாரும் சொல்லவில்லை.