பக்கத்து ரூமுக்குத் தீ வராது

வயர் சிக்கிக் கிடந்தால் எனக்கு இருப்புக் கொள்ளாது, சார். உங்கள் மேசைக்கு அடியில்கூட ஒரே சிக்கலாகக் கிடக்கிறது. பேசி முடித்த பிறகு பிரித்துக் கட்டித் தருகிறேன்.

என் பெயர் சீனிவாசகம். சிவகாசியில் காலண்டர் டிசைன் செய்துகொண்டிருந்தவன். கம்ப்யூட்டர் கேம் செய்வதை நானாகவே கற்றுக்கொண்டேன். அதைக் கேள்விப்பட்டுத்தான் பட்டாசுக் கம்பெனி முதலாளி வெள்ளைத்துரை அண்ணாச்சி கூப்பிட்டனுப்பினார்.

"பாதுகாப்புப் பயிற்சி குடு, பயிற்சி குடுன்னு ஆபீசருக உயிரை வாங்குறாக. படம் போட்டா வேலைக்கு வர்ற பொம்பளைக தூங்கிர்றாளுக. வெளையாட்டா ஒண்ணு செஞ்சு குடுங்க தம்பி" என்றார்.

அவருடைய கம்பெனியையே திரையில் கட்டினேன். வெடிமருந்து கலக்கும் ரூம், பக்கத்தில் மருந்து செலுத்தும் ரூம், எதிரே பொட்டல். இந்த மாதிரி விளையாட்டில் ஒரு பொருளுக்கு நடப்பது இன்னொரு பொருளுக்குத் தானாகத் தெரியாது. நாம்தான் இணைப்புக் கொடுக்க வேண்டும். கலக்குகிற ரூமில் பொறி விழுந்தால் பக்கத்து ரூமுக்குச் சேதி போகும். கொஞ்ச நேரத்தில் அதுவும் பற்றும். அதற்குள் ஆடுகிறவர் தன் பொம்மையைப் பொட்டலுக்கு ஓட்டிவிட வேண்டும்.

மருந்து செலுத்தும் ரூமில் வேல்விழி என்று ஒரு பெண். ஆட்டத்தில் அவளை யாரும் ஜெயிக்க முடியாது. அதே ரூமில் வேலை பார்த்த பஞ்சம்மாளுக்கு மவுஸே பிடிபடவில்லை. "போங்கய்யா, இந்தக் கருமமெல்லாம் எனக்கு ஆவாது" என்று முதல் நாளே எழுந்து போய்விட்டாள்.

பயிற்சி நன்றாகவே பலித்தது. தீபாவளி சீசனில் எங்கே என்ன சத்தம் கேட்டாலும் எல்லோரும் பொட்டலில் நின்றார்கள். தகரக் கதவு காற்றில் அடித்தால்கூட ஓட்டம்தான். செருப்பில்லாத கால், இடுப்பில் செருகிய சேலை, ஒருத்தி மேல் ஒருத்தி. ஆபீஸ் ஜன்னலிலிருந்து பார்க்கவே அருவருப்பாக இருக்கும். உள்ளே விட்டுவந்த மருந்து வீணாகும்.

"லோடு ஏத்துவனா, இவளுக பின்னாடி ஓடுவனா? பயத்தைக் கொஞ்சம் கொறைங்க தம்பி" என்றார் அண்ணாச்சி. அவர் சொன்னது அவ்வளவுதான். விளையாட்டில் வெடிச் சத்தத்தைக் குறைத்திருந்தாலே அவருக்குப் போதும்.

கம்ப்யூட்டர் திணறியதால் இணைப்புகளை எடுத்தேன் என்று முதல் வாக்குமூலத்தில் சொன்னேன் அல்லவா? அது பொய் சார். கம்ப்யூட்டர் நன்றாகத்தான் ஓடியது.

அந்த இணைப்புகள் திரையில் கோடுகளாகத் தெரியும். பக்கத்து ரூமுக்குப் போன கோடுகளை ஒவ்வொன்றாக எடுத்தேன். வேறு எதையும் தொடவில்லை. ரூம் இருந்தது, தீ இருந்தது, ஆட்கள் இருந்தார்கள். ஒரு ரூம் எரியும். பக்கத்து ரூமில் உட்கார்ந்து வேலை பார்ப்பார்கள். மனசு குளிர்ந்துபோனது. பிறகு, யாரும் கேட்காத ஒன்றையும் செய்தேன். உட்கார்ந்திருந்தால் புள்ளி ஏறும், எழுந்து ஓடினால் இறங்கும் என்று மாற்றினேன்.

வேல்விழி உடனே கவனித்துவிட்டாள். "முன்னாடி பக்கத்து ரூமும் பத்துச்சே சார், இப்பப் பத்தலயே?"

"அது தப்பாப் போட்டுட்டேம்மா. இப்பச் சரி பண்ணியாச்சு."

"அப்பாடா, வயித்துல பால வாத்தீக. எம் பிள்ளைய நெனச்சுத்தான் சார் அந்த ஓட்டம் ஓடுனேன்" என்று சிரித்தாள்.

நான் பட்டாசு ஊரான நாரணாபுரத்தில் பிறந்தவன் சார். வெடிக்கும் சத்தத்தை எண்ணித்தான் எத்தனை ரூம் போனது என்று எங்கள் தெருவில் சொல்வார்கள். ஒரு சத்தத்தோடு நின்றதாக நான் கேள்விப்பட்டதே இல்லை. தெரிந்துதான் அவளிடம் அப்படிச் சொன்னேன்.

அதன்பிறகு கம்பெனியே அமைதியாகிவிட்டது. கதவு அடித்தாலும் யாரும் தலை நிமிரவில்லை. லோடு நேரத்துக்குப் போனது. அண்ணாச்சி எனக்கு வேட்டி சட்டை எடுத்துக் கொடுத்தார்.

விபத்து நடந்த அன்றைக்கு மத்தியானம் கலக்குகிற ரூம் பற்றியது. பஞ்சம்மாள் எழுந்து வேல்விழியின் கையைப் பிடித்து இழுத்திருக்கிறாள். உங்களிடமும் சொல்லியிருப்பாள். வேல்விழி கையை உருவிக்கொண்டு, "உக்காருங்கத்தே, பக்கத்து ரூமுதான. இங்கன வராது" என்றாளாம். பஞ்சம்மாள் மட்டும் பொட்டலுக்கு வந்து சேர்ந்தாள்.

நான் ஆபீஸில் இருந்தேன். முதல் சத்தம் கேட்டது. ஜன்னலுக்குப் போனேன். ஓடுங்கள் என்று ஒரு குரல் கொடுத்திருக்கலாம், கேட்கிற தூரம்தான். கொடுக்கவில்லை. பஞ்சம்மாளைத் தவிர யாரும் வெளியே வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டே நின்றேன். பிறகு அடுத்த சத்தம் கேட்டது.

ஒன்றை மட்டும் மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள் சார். பஞ்சம்மாள் என்னிடம் பயிற்சி எடுக்காதவள். நான் சொல்லிக்கொடுத்தவர்களில் ஒருத்திகூட எழுந்து ஓடவில்லை. என் வேலையில் யாரும் குறை சொல்ல முடியாது.