அளவு மூடி

மருந்துக்கடை அக்கா: மூடிய மட்டும் தனியா யாருங்க விப்பாங்க? அது பாட்டிலோடதான் வரும்.

அப்பா: இல்லக்கா... பழசு எதுலயாவது ஒண்ணு கிடக்கும்ல? சின்னதா, பிளாஸ்டிக்ல, கோடு போட்டு. காய்ச்சல் மருந்து பாட்டில் தலையில கவுத்து வச்சிருப்பாங்களே...

அக்கா: அளவு மூடி. அது தெரியாமலா கடை வச்சிருக்கேன்? காலங்காத்தால முதல் ஆளே மூடி கேட்டு வர்றீங்க. உங்க மூடி எங்க?

அப்பா: காணோம்.

அக்கா: பாப்பா, அந்த எடை மெஷின் மேல ஏறாத... சரி, ஏறிட்ட, இரு. உங்க பொண்ணா?

அப்பா: ஆமாக்கா. நாலு வயசு. முந்தாநாள்லருந்து காய்ச்சல். இப்ப கொஞ்சம் பரவால்ல.

அக்கா: மருந்து குடுத்ததாலயா பரவால்ல?

அப்பா: ம்... இல்ல. இனிமேதான் குடுக்கணும். அதுக்குத்தான் மூடி.

அக்கா: அப்ப சட்டைப் பையில எதுக்குக் கரண்டி?

அப்பா: இதுவா... இது சும்மா.

அக்கா: சும்மா யாராவது கரண்டியச் சொருகிக்கிட்டுத் தெருவுல நடப்பாங்களா? பேனாவா அது?

அப்பா: திட்டக் கூடாதுக்கா.

அக்கா: நான் திட்ட மாட்டேன். சொல்லுங்க.

அப்பா: ஒரே ஒரு கரண்டிதான்க்கா. டாக்டர் அஞ்சு மில்லின்னு எழுதியிருக்காரு. ஒரு கரண்டின்னா அஞ்சு மில்லிதானே? குடுத்து முடிச்சு, கரண்டியக் கழுவுறப்பதான்... என்னடா இது இவ்வளவு குழியா இருக்கேன்னு தோணிச்சு. மூடி கிடைச்சா ஊத்திப் பாத்துடலாம்னு...

அக்கா: ஓ, அளந்து பாக்க வந்தீங்களா. குடுத்துட்டு அளக்கிற ஆள இன்னைக்குத்தான் பாக்கிறேன். கரண்டியக் குடுங்க. பாட்டில் இருக்கா?

அப்பா: இந்தப் பையில இருக்கு.

அக்கா: ம். கரண்டியில தண்ணி ஊத்துங்க. அப்படித்தான், நீங்க மருந்து ஊத்தின மாதிரியே. தளும்பத் தளும்பவா ஊத்தினீங்க?

அப்பா: சிந்தக் கூடாதேன்னு... ஓரம் வரைக்கும்.

அக்கா: இது ஊசி இல்லாத சிரிஞ்சு. இதால உறிஞ்சிப் பாப்போம். அஞ்சு... இன்னும் இருக்கு. எட்டு... பத்து... பதினொண்ணு.

அப்பா: பதினொண்ணா?

அக்கா: பதினொண்ணு.

அப்பா: ரெண்டு பங்குக்கு மேல ஆயிடுச்சேக்கா! அய்யோ...

அக்கா: பதறாதீங்க. பிள்ள நம்ம மூஞ்சியத்தான் பாத்துக்கிட்டிருக்கு. சிரிங்க... இப்படிச் சிரிச்சா இன்னும் பயந்துடும், வேண்டாம் விடுங்க. பாப்பா, அசையாம நில்லு. பதினாலு கிலோ. எத்தன மணிக்குக் குடுத்தீங்க?

அப்பா: எட்டே கால். எட்டு இருபதுக்குள்ள.

அக்கா: இப்ப மணி எட்டே முக்கால். வாந்தி எடுத்தாளா?

அப்பா: இல்ல. இன்னும் கேட்டா. அந்த மருந்து இனிப்பா இருக்கும்ல.

அக்கா: அதுக்கு முன்னாடி கடைசியா எப்பக் குடுத்தீங்க?

அப்பா: நான் குடுக்கல. ராத்திரி அவ குடுத்திருப்பா.

அக்கா: எந்த அவ?

அப்பா: இவ அம்மா.

அக்கா: எத்தன மணிக்கு?

அப்பா: தெரியாது.

அக்கா: காலையில அவங்க வேலைக்குக் கிளம்பறப்பக் குடுத்தாங்களா?

அப்பா: குடுக்கலன்னு பாப்பா சொன்னா.

அக்கா: பாப்பா சொன்னாளா? நீங்க அவங்களக் கேக்கலையா?

அப்பா: நாங்க... பேசிக்கிறதில்லக்கா.

அக்கா: எப்பலருந்து?

அப்பா: ஆறு நாளா.

அக்கா: ஒரே வீட்டுல இருந்துக்கிட்டா?

அப்பா: ஆமா. ஃபேன ரெண்டுல வைக்கிறதா மூணுல வைக்கிறதான்னு ஆரம்பிச்சது. அப்புறம் அது... எங்கெங்கயோ போயிடுச்சு.

அக்கா: டாக்டர்கிட்ட யாரு கூட்டிட்டுப் போனது?

அப்பா: ரெண்டு பேரும்தான். அவ முன் வரிசையில, நான் பின் வரிசையில.

அக்கா: நல்லாருக்கு. அப்ப வீட்டுல பால் தீந்தா, கேஸ் தீந்தா?

அப்பா: பாப்பாகிட்டச் சொல்லிவிடுவா. ‘அப்பாகிட்டச் சொல்லு’ன்னு. நானும் அப்படித்தான்.

அக்கா: நாலு வயசுப் பிள்ளையத் தபால்காரரா ஆக்கி வச்சிருக்கீங்க. அந்தத் தபால்காரருக்கு மருந்து வேற இனிக்குது. ‘அம்மா குடுத்தாச்சு’ன்னு சொன்னா இன்னொரு கரண்டி கிடைக்குமா? கொண்டாங்க, அவங்க நம்பரச் சொல்லுங்க.

அப்பா: இப்ப எடுக்க மாட்டாக்கா. தையல் கம்பெனியில லைன்ல உக்காந்துட்டா சூப்பர்வைசர் போனத் தொட விட மாட்டாரு.

அக்கா: பிள்ளைக்குக் காய்ச்சல்னா எடுப்பாங்க. சொல்லுங்க... ம்... ம்... ரிங் போகுது. ஸ்பீக்கர்ல போடறேன்.

அம்மா: ஹலோ, யாரு? பாப்பாவுக்கு என்ன?

அக்கா: பாத்தீங்களா, முதல் மணியிலயே எடுத்துட்டாங்க. பயப்படாதீங்கம்மா, தெருமுனை மருந்துக் கடையிலருந்து பேசறேன். பொண்ணு இங்க எடை மெஷின்ல குதிச்சுக்கிட்டிருக்கா. ஒரு விஷயம் தெரியணும். இன்னைக்குக் காலையில நீங்க காய்ச்சல் மருந்து குடுத்தீங்களா?

அம்மா: குடுத்தேனே. ஏழே முக்காலுக்கு. ‘அம்மா மருந்து குடுத்தாச்சுன்னு அப்பாகிட்டச் சொல்லு’ன்னு ரெண்டு தடவ சொல்லிட்டுத்தான் படியிறங்கினேன்.

அக்கா: எவ்வளவு குடுத்தீங்க?

அம்மா: அஞ்சு மில்லி. மூடியில கோடு பாத்து, கண்ணுக்கு நேரா பிடிச்சு. ஏன் கேக்கறீங்க? அவரு... அவரும் குடுத்துட்டாரா?

அக்கா: குடுத்திருக்காரு. கரண்டியில. பதினொரு மில்லி.

அம்மா: கரண்டியிலயா? குழம்புக் கரண்டியிலயா?

அப்பா: சாப்பிடற கரண்டின்னு சொல்லுங்கக்கா.

அக்கா: அவங்களுக்கே காது கேக்குதுங்க.

அம்மா: அந்த மனுஷருக்கு பாட்டில்ல எழுதியிருக்கிறதப் படிக்கத் தெரியாதான்னு கேளுங்க.

அப்பா: மூடி இருந்திருந்தா மூடியிலயே குடுத்திருப்பேன்னு சொல்லுங்க. கட்டிலுக்கு அடியில, பாத்திரம் கழுவற இடத்துல, குப்பைக் கூடையில கூடத் தேடினேன்னு சொல்லுங்க.

அம்மா: ...

அக்கா: இப்ப என்னையும் தபால்காரியாக்கிட்டீங்களா? ரெண்டு பேரும் கொஞ்சம் சும்மா இருங்க. நான் கேக்கறதுக்கு மட்டும் பதில். ராத்திரி எப்பம்மா குடுத்தீங்க?

அம்மா: பத்து மணிக்கு. அதுவும் அஞ்சுதான். நடுவுல ஒண்ணும் குடுக்கல.

அக்கா: சளிக்கு ஏதாவது சிரப்பு? சிலதுல இதே மருந்து கலந்திருக்கும்.

அம்மா: இல்லங்க. சளியே இல்ல.

அக்கா: உண்மையா? அவர் முன்னாடி சொல்லக் கூச்சப்பட்டு எதையும் மறைக்காதீங்க. கணக்கு தப்பினா பிள்ளைக்குத்தான்.

அம்மா: சத்தியமா இல்ல. அக்கா... பிள்ளைக்கு ஏதாவது ஆயிடுமா?

அக்கா: இருங்க, போன வச்சுடாதீங்க. இன்னொரு போன்ல ஆஸ்பத்திரி விஷமுறிவுப் பிரிவுல கேட்டுடறேன். யாரும் ஊகத்துல பேச வேண்டாம்... ஹலோ, ஆமாங்க, நாலு வயசு, பதினாலு கிலோ... காய்ச்சல் சிரப்பு, பாட்டில் கையில இருக்கு, படிக்கிறேன்... ஏழே முக்காலுக்கு அஞ்சு, எட்டே காலுக்குப் பதினொண்ணு, ராத்திரி பத்து மணிக்கு அஞ்சு... வேற ஒண்ணும் இல்ல, ரெண்டு பேரையும் கேட்டுட்டேன்... நல்லா விளையாடறா... ம்... ம்... சரிங்க டாக்டர்.

அப்பா: அக்கா...

அம்மா: என்ன சொன்னாங்க?

அக்கா: மூச்சு விடுங்க ரெண்டு பேரும். ராத்திரிக் கணக்கையும் சேத்துப் பாத்துட்டாங்க. இந்த மருந்து கூடிப்போனா ஈரலத்தான் கெடுக்கும், ஆனா இந்த அளவுக்கு அப்படி ஆகாதாம். ஆனா டாக்டர் நேர்ல ஒருதடவ பாத்துடறது நல்லதாம். இப்பவே கூட்டிட்டு வரச் சொல்றாங்க. பாட்டிலையும் எடுத்துட்டுப் போங்க. அவங்க சொல்ற வரைக்கும் இந்த மருந்து ஒரு சொட்டுக் கூடக் கிடையாது. காய்ச்சல் ஏறினாலும் சரி, பாப்பா அழுது கேட்டாலும் சரி.

அம்மா: நான் கிளம்பி வந்துடறேன். சூப்பர்வைசர் என்ன சொன்னாலும் சரி.

அக்கா: வாங்க. இந்தாங்க சார், இந்த சிரிஞ்ச வச்சுக்கங்க. இனி எந்த மூடி தொலைஞ்சாலும் கரண்டிப் பக்கம் போகாதீங்க. வீட்டுக்குப் போனதும் ஒரு காகிதத்த பாட்டில்ல ஒட்டுங்க. யாரு, எத்தன மணிக்கு, எவ்வளவு. பேசாட்டியும் எழுதலாம்ல?

அப்பா: எழுதறேன்க்கா.

அக்கா: அதுக்கு முன்னாடி, இந்தாங்க போன். எந்த ஆஸ்பத்திரி, எந்த வாசல்னு நீங்களே சொல்லுங்க. நான் பாப்பாவுக்கு உயரம் அளக்கிறேன்.

அப்பா: ...ஹலோ.

அம்மா: ...ம்.

அப்பா: டாக்டர் பாத்த அதே ஆஸ்பத்திரிதான். பின் வாசல். ஆட்டோ பிடிச்சுட்டுப் போறேன்.

அம்மா: அவ தொப்பி எடுத்தீங்களா? வெயில்...

அப்பா: தலையிலதான் இருக்கு.

அம்மா: ம்.

அப்பா: காலையில நான் கூப்பிட்டேன். மருந்து குடுக்கிறதுக்கு முன்னாடி.

அம்மா: பாத்தேன். ஒரே ஒரு ரிங்தான் வந்துச்சு.

அப்பா: வச்சுட்டேன். எப்படி ஆரம்பிக்கிறதுன்னு தெரியல. குடுத்தியான்னு கேக்கணும், மூடி எங்கன்னு கேக்கணும்... ரெண்டு வார்த்த. அதக் கூட கேக்காம, அவள மடியில உக்கார வச்சு நானே ஊட்டிட்டேன்.

அம்மா: நானும் திருப்பிக் கூப்பிட்டிருக்கலாம். நீங்களே மறுபடி கூப்பிடட்டும்னு போனக் கவுத்து வச்சுட்டேன்.

அப்பா: விடு. மூடியத் தொலைச்சது யாருன்னு இனிமே பேச வேண்டாம். நான்தான் எங்கயாவது போட்டிருப்பேன்.

அம்மா: ...

அப்பா: இருக்கியா? ஹலோ... அழறியா? அவளுக்கு ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டாங்கள்ல?

அம்மா: ஏங்க... மூடி தொலையல. என் கைப்பையில இருக்கு. நான்தான் எடுத்துட்டு வந்தேன். அது எங்கன்னு கேக்கவாவது என்கிட்ட வாயத் திறப்பீங்கன்னு...